எல்லாருக்காகவும் அழுதவர்

அழுவதற்கென்றே அவரிடம் தனியாக ஒரு துண்டு இருந்தது. வெள்ளை ஈரிழைத் துண்டு, ஓரத்தில் மெல்லிய பச்சைக் கரை. முகம் துடைக்க வேறு, கை துடைக்க வேறு. இந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மாடிப்படி ஏறி வந்தால் படம் பார்க்கத் தயாராக வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

கருமத்தம்பட்டியில் அவர் வீட்டு மாடியில் நான் நான்கு வருடம் குடியிருந்தேன். எனக்கு அவர் வீட்டுக்காரம்மா. அறுபதைத் தாண்டியவர். கணவர் போன பிறகு வீட்டை ஒட்டியிருந்த தறிக் குடோனைத் தானே நின்று நடத்தினார். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்ததால் காது கொஞ்சம் மந்தம், குரல் கொஞ்சம் அதிகம். ரகசியம் சொன்னால்கூடத் தெருமுனைக்குக் கேட்கும்.

அந்த வீடு எனக்குக் கிடைத்ததே அவர் அழுததால்தான். அதற்கு முன் கோவையில் மூன்று வீடுகள் பார்த்திருந்தேன். எத்தனை பேர் என்பார்கள், ஒருத்தி என்பேன். கல்யாணம் என்பார்கள், ஆகவில்லை என்பேன். கடைசியாக, எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்று பக்குவமாக ஒரு கேள்வி வரும். சர்ச்சுக்கு என்றதும் அந்த வீடு வேறு யாருக்கோ பேசி முடித்ததாகிவிடும். இங்கே வந்தபோது அப்பா அம்மா இருவரும் இல்லை என்று சொன்னேன். அவ்வளவுதான். அவர் கண் நிறைந்து வழிந்தது.

"பொட்டப்புள்ள தனியா எங்க போவே கண்ணு? மேல ஊடு சும்மாதான் கெடக்குது. வந்துரு" என்றார். வேறு எதையும் கேட்கவில்லை. நான் கிறிஸ்துவச்சி என்பது இரண்டு மாதம் கழித்து, நான் ஞாயிற்றுக்கிழமை கையில் பைபிளோடு படியிறங்கியபோதுதான் அவருக்குத் தெரிந்தது. "சொல்லவே இல்ல பாரு" என்று சிரித்தார்.

எதற்கும் அழுவார். சத்தியமங்கலம் மலைப்பாதையில் லாரி மோதி ஒரு குட்டி யானை செத்ததை டிவியில் காட்டியபோது அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. குலதெய்வக் கோயிலில் கிடாய் வெட்டும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார். பிறகு பந்தியில் உட்கார்ந்து, எலும்புக்கறி நன்றாக வெந்திருக்கிறதா என்று எனக்குப் பார்த்துப் பார்த்து வைத்தார். அதை நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். இளகின மனசு என்று ஊரே அவரைச் சொன்னது. நானும் சொன்னேன்.

என் வேலை வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் அடிவரி எழுதுவது. திரையில் ஒருவர் பேசும்போது கீழே ஓடுகிறதே, அந்த வரி. இரண்டு நொடியில் படித்து முடிக்கும்படி இருக்க வேண்டும் என்பதால் எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் முதல் நாள், "ஆருகூடப் பேசிட்டிருக்கறே?" என்று அவர் மேலே வந்தார். கம்ப்யூட்டர் திரையில் ஓடுவதைப் பார்த்து அப்படியே கட்டில் நுனியில் உட்கார்ந்துவிட்டார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், வரி ஓடிவிடும். நான் படிக்க அவர் கேட்பது என்று ஆனது.

நான் குடிவந்த மூன்றாவது வருடம் சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரே கட்டாகப் பதினோரு படங்கள் வந்தன. எல்லாமே ஐரோப்பாவில் போர்க்காலத்தில் யூதர்களை வேட்டையாடிய கதைகள். முதல் படத்தில் ஒரு சிறிய ஊர். காலை நேரம். ரொட்டிக் கடை முன்னால் ஊர்ச்சனம் வரிசையில் நிற்கிறது. தெருவின் மறுபக்கம் யூதக் குடும்பங்களைப் பெட்டி படுக்கையோடு ரயிலடிக்கு நடத்திப் போகிறார்கள். வரிசையில் நிற்கும் யாரும் இடத்தை விட்டு அசையவில்லை. எல்லாரும் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அது மட்டும்தான் காட்சி.

"அடப் பாவிகளா! ஒருத்தனாச்சும் ஆளுக்கொரு ரொட்டியக் குடுத்து அனுப்பியிருக்கலாமல்லோ!" என்று அலறினார். "இத்தன சனத்துல ஒருத்தனுக்குமா மனசு எரங்கல?" துண்டு முழுக்க நனைந்துவிட்டது. இறங்கிப் போகும்போது படிக்கட்டில் பாதியில் நின்று மறுபடி அழுதார்.

நான் ஒவ்வொரு காட்சியையும் பத்துத் தடவை பார்த்தாக வேண்டும். முதல் தடவை நெஞ்சை அடைக்கும். பத்தாவது தடவை வரி எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்பது மட்டும்தான் கண்ணில் படும். இரண்டாவது படம் முடிவதற்குள் எனக்குக் கண்ணீர் நின்றுபோயிருந்தது. அது எனக்கே பயமாக இருந்தது. அதனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது எனக்குப் பெரிய ஆறுதல். எனக்கும் சேர்த்து ஒருவர் அழுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அழுவதோடு நிற்கவில்லை, வார்த்தையும் எடுத்துக் கொடுப்பார். ஒரு படத்தில், "எங்களை நாடுகடத்தினார்கள்" என்று எழுதியிருந்தேன்.

"அப்புடின்னா?"

"ஊரை விட்டுத் தொரத்துறதுங்கம்மா."

"முடுக்கிப்போட்டாங்கன்னு எழுது கண்ணு. ஆருக்கும் வெளங்கும்."

இன்னொரு படத்தில் யூதர்களையெல்லாம் ஒரே இடத்தில் அடைத்துவைத்த கெட்டோ வந்தது. அதற்கு என்ன போடுவது என்று நான் ஒரு பகல் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். விவரம் கேட்டார். அந்தச் சனம் மட்டும் தனியாக இருக்க வேண்டும், மற்றவர்கள் தெருவில் குடியிருக்கக் கூடாது என்று சொன்னேன்.

"வளவுன்னு போடு" என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

எங்கள் பக்கம் ஒவ்வொரு சாதியும் தனித்தனியாகக் குடியிருக்கும் இடத்துக்கு அதுதான் பெயர். இந்த வளவு, அந்த வளவு என்று சாதிப் பெயர் வைத்துத்தான் சொல்வார்கள். நான் அந்த வார்த்தையைப் போடவில்லை. கெட்டோ என்றே போட்டேன். அவர் சொன்னதுதான் சரியான வார்த்தை என்று தெரிந்தேதான் போடாமல் விட்டேன்.

நான்காவது படம் அவரைக் காய்ச்சலில் தள்ளியது. அதில் ஒரு தாய், ரயிலில் தன் மகனுக்குப் புதுப் பெயர் ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறாள். திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறாள். யாக்கோபு என்ற பெயரை மறந்துவிடு, யார் கேட்டாலும் புதுப் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்கிறாள். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அவன் கன்னத்தைத் தட்டிச் சிரித்தபடி பேர் கேட்கிறான். பிள்ளை, சிரித்த முகத்தைப் பார்த்ததும் யாக்கோபு என்று சொல்லிவிடுகிறான்.

மூன்று நாள் படுத்துக் கிடந்தார். கஷாயம் வைத்துக் கொண்டுபோனால், "அந்தப் பையனுக்கு ஆரும் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாங்கல்லோ?" என்று புலம்பினார். அது படமுங்கம்மா, நடிச்ச பையன் நல்லா இருப்பான் என்றேன். "அவனில்ல கண்ணு. நெசத்துல எத்தன பையனுக அப்புடிப் போயிருப்பானுக" என்றார்.

அடுத்த மாதம் கணவருக்குத் திதி கொடுக்கக் கொடுமுடிக்குப் போனார். திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டு விபூதி கொடுத்தார்.

"அந்தப் பையனுக்கும் ஒரு மோட்ச தீபம் போட்டேன் கண்ணு. ஐயரு கோத்திரம் என்னங்கம்மான்னு கேட்டாரு. தெரியாதுங்க, தூரத்து ஊருன்னுட்டேன்."

"பேரு எதுங்கம்மா சொன்னீங்க?"

"யாக்கோபுன்னேன். பொறந்தப்ப வெச்ச பேரு. செத்ததுக்கப்புறம் எதுக்குப் பயப்படோணும்?"

அன்று எனக்கு வந்த அழுகை படத்துக்காக வந்ததல்ல. உலகத்தில் எங்கோ, எப்போதோ செத்த ஒரு பிள்ளைக்குக் காவிரிக் கரையில் விளக்கு வைத்த மனுஷி இவர் என்று நினைத்தேன். என் அம்மாவிடம்கூட அப்படி ஒரு மனசைப் பார்த்ததில்லை.

தறிக் குடோனுக்குப் பின்னால் ஐந்து வீடுகள் கொண்ட லைன் வீடு இருந்தது. ஆளுக்கு ஓர் அறை, பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். குடோனில் வேலை செய்பவர்கள்தான் குடியிருந்தார்கள். கடைசி வீட்டில் ஒரு குடும்பம். கணவர் தறி ஓட்டுவார், மனைவி நூல் சுற்றுவார், பெரிய வீட்டு வாசலையும் கூட்டித் தெளிப்பார். மகன் பாலிடெக்னிக் முடித்து மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலைக்குப் போனான். மகள் பத்தாவது. ஊருக்கு வெளியே இருக்கும் வளவிலிருந்து வந்த குடும்பம் அது. "நான் அதெல்லாம் பார்க்கறதில்ல" என்று வீட்டுக்காரம்மா பெருமையாகச் சொல்வார். வாசல் தெளிக்கும் அந்தப் பெண்ணுக்கு டீ கொடுக்கும் டம்ளர் மட்டும் துணி துவைக்கும் கல்லின் மேல் தனியாகக் கவிழ்ந்திருக்கும்.

ஒருநாள் படம் ஓடும்போது காய்ந்த துணியை மடித்துக்கொண்டு அந்தப் பெண் மாடிக்கு வந்தார். "நீயும் பாரு அம்மணி. பாவப்பட்ட சனங்க. பார்த்தா நெஞ்சு வெடிச்சுரும்" என்று வீட்டுக்காரம்மா சொன்னார். அவர் அறைக்குள் வராமல் நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தார். வீட்டுக்காரம்மா கரைந்துகொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தெரிந்த தெருவைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஊர்ல போலீஸ் இல்லீங்களா?"

"போலீஸ்தான் கூட்டிட்டுப் போறாங்க."

"அப்படிங்களா" என்றார். ஆச்சரியமே இல்லை. துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்தப் பெண்ணின் மகன் வீட்டுக்காரம்மாவின் தம்பி மகளைக் கல்யாணம் செய்துகொண்டான். தம்பி பக்கத்து ஊரில் தோட்டமும் இரண்டு குடோனும் வைத்திருந்தவர். அவர் மகளும் இவனும் ஒரே பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் என்பதே எனக்குச் சேதி வந்த அன்றைக்குத்தான் தெரியும். எங்கேயோ ஒரு கோயிலில் தாலி கட்டிப் பதிவும் செய்துவிட்டு இருவரும் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். காலையில் சேதி வந்தது. மத்தியானம் இரண்டு கார்களில் தம்பியும் உறவுக்காரர்களும் வந்து இறங்கினார்கள்.

யாரும் கத்தவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். நான் மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றிருந்தேன்.

"நாங்க அடிச்சுப் பிடிக்க வரலீங்கக்கா" என்றார் தம்பி. "பசங்க கோவமா இருக்கறானுங்க. பொழுதோட அந்தக் குடும்பம் இங்க இருக்கக்கூடாதுங்க. நீங்க சொன்னா மரியாதையாப் போயிரும். நாங்க சொன்னா வேற மாதிரி ஆயிருமுங்க."

வீட்டுக்காரம்மா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "அவங்க என்னடா பண்ணுவாங்க? பையன் பண்ணுனதுக்கு" என்றார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

"நம்ம பக்கம் நாளைக்கு ஆரு பொண்ணு குடுப்பா, எடுப்பாங்கக்கா? நீங்களே சொல்லுங்க."

வீட்டுக்காரம்மா எழுந்தார். "நீங்க ஆரும் பின்னால போகாதீங்க. அது பயந்துக்கும். நானே சொல்லிர்றேன்" என்றார்.

மாடியின் பின்பக்கத்திலிருந்து லைன் வீடு தெரியும். நான் அங்கே போய் நின்றேன். அவர் குழாயடியில் நின்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரம்மா அவரைத் தொட்டுப் பேசி அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"அம்மணி, பொழுதுக்குள்ள ஊட்டக் காலி பண்ணிப்போடு. என்ற கையில ஒண்ணும் இல்ல."

"பாப்பாவுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சைங்கம்மா. நாளைக்கு ஒரு நாளு மட்டும்."

"வேண்டாம் அம்மணி. சொன்னாக் கேளு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இரண்டு பேரில் ஒருவர்தான் அழுதுகொண்டிருந்தார். அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெண் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையில் போன் இருந்தது. நூறை அழுத்தினால் போதும். அந்த ஊரில் போலீஸ் இல்லையா என்று கேட்டவரும் அவர்தான், பதில் சொன்னவளும் நான்தான். போலீஸ் வந்தாலும் கீழே வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. இந்த வீட்டை விட்டால் தனியாள், கிறிஸ்துவச்சி, எனக்கு யார் வீடு கொடுப்பார்கள் என்பதுதான். நான் உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பாதியில் நிறுத்தியிருந்த படத்தை ஓடவிட்டேன். நாற்பது வரி எழுதினேன். அவற்றில் ஒன்றுகூடத் தப்பில்லை.

கீழே சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி வந்து நின்ற சத்தம் ஹெட்போனைத் தாண்டிக் கேட்டது. எட்டிப் பார்த்தபோது சாமான் ஏற்றி முடித்திருந்தார்கள். பீரோ, பாத்திர மூட்டை, மகளின் புத்தகப் பை. அந்த மனிதர், பதினெட்டு வருடம் அங்கே தறி ஓட்டியவர், வண்டிக்குப் பின்னால் யாரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார். வீட்டுக்காரம்மா பெரிய தூக்குப்போசியில் எலுமிச்சைச் சாதமும் இன்னொன்றில் தயிர்ச்சாதமும் கொண்டுவந்து கொடுத்தார். தன்னுடைய பட்டுச் சேலை ஒன்றையும் கொடுத்தார். அந்தப் பெண் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசலில் இருந்தவர்களில் ஒருவர் வண்டி திரும்புவதற்காகத் தன் காரை நகர்த்தி வழிவிட்டார். சத்தியமங்கலம் பக்கம் போனதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். மகள் பரீட்சை எழுதினாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தம்பி மகளை ஒன்றரை மாதத்தில் பேசி அழைத்து வந்தார்கள். எப்படிப் பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. தாராபுரம் பக்கம் ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. போய்ச் சாப்பிட்டும் வந்தேன். அந்தப் பையன் என்ன ஆனான் என்பது இன்றுவரை தெரியாது. மேலும் ஒன்றரை வருடம் நான் அதே மாடியில் இருந்தேன். அவர் சர்க்கரை நோய் முற்றி, சென்ற ஐப்பசியில் இறந்தார். துக்கத்துக்குப் போனேன். எப்பேர்ப்பட்ட இளகின மனசு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். என்னிடமும் சொன்னார்கள். ஆமாங்க என்றேன்.

ஆனால் எனக்கு அவரை நினைத்தால் வருவது அந்தக் குடும்பம் போன நாலாம் நாள். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு, முகம் வீங்கி, படியேறி வந்தார். ஒன்பதாவது படத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு தையல்காரக் குடும்பத்தை வீட்டுக்காரி ஒருத்தி பரணில் ஒளித்துவைத்திருக்கிறாள். இரண்டு வருடம் சோறு போடுகிறாள். ஒரு காலையில் தெருவில் ராணுவ வண்டி வருகிறது. அவள் அவர்களை வெளியே வரச்சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கதவுக்குப் பின்னால் நின்று அழுகிறாள்.

வீட்டுக்காரம்மா கட்டிலைத் தட்டினார். "கதவச் சாத்தறா பாரு! சாத்திப்போட்டு அழுகறா வேற! இவளெல்லாம் ஒரு பொம்பளையா கண்ணு?"

நான் படத்தை நிறுத்தினேன். அவரிடம் அதுவரை அப்படி ஒரு வார்த்தை நான் பேசியதில்லை.

"அம்மா, நாமளும் அதத்தானுங்க பண்ணுனோம்."

அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது. கோபப்படவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். தப்பாகக் கூட்டிப் படித்த குழந்தையைப் பார்ப்பதுபோல அவ்வளவு பிரியமாகப் பார்த்தார்.

"அது வேற கண்ணு" என்றார். பிறகு திரையைக் காட்டினார். தெருவில் நின்றுபோயிருந்த தையல்காரனையும் அவன் மனைவியையும் பார்த்து மறுபடி அவர் கண் நிறைந்தது. "இவுங்க என்ன தப்புப் பண்ணுனாங்க, பாவம்?"

நான் படத்தை ஓட்டவில்லை.

"ஓட்டு கண்ணு. என்ன ஆகுதுன்னு பார்ப்போம்" என்றார்.

ஓட்டினேன். முடியும்வரை பார்த்தோம். நான் வரிவரியாகப் படித்துச் சொன்னேன், அவர் அழுதார்.